ஸ்டியரிங்கின் கோத்திரம்

கார் தொழிற்சாலைக்கு வரும் ஸ்டியரிங் பாக்ஸ் முழுசாக வந்தால் கார் உறுப்பு, சுங்க எண் 8708 94. உதிரியாக வரவழைத்தாலோ மோட்டார் 8501, பம்ப் 8413, ரப்பர் வாஷர் 4016. போல்ட் 7318, அதாவது கதவுத் திருகோடு ஒரே கோத்திரம். காருக்கென்றே வார்த்த பேரிங்கும் கார் உறுப்பாகாது, 8482தான் என்று கறாராகச் சொல்கிறது சுங்க அட்டவணையின் 17ஆம் பிரிவு, 2ஆம் குறிப்பு. என்ன தெளிவு! மெக்கானிக்குகளுக்குத்தான் இந்த ஞானம் போதாது.

பல்லவர்கள் உஷார். 7ஆம் நூற்றாண்டிலேயே மாமல்லபுரத்தில் ரதங்களை ஒற்றைக்கல்லில் செதுக்கி, சக்கரம், ஸ்டியரிங் எதுவும் வைக்காமல் விட்டார்கள். உதிரியே இல்லை, தகராறும் இல்லை.

இல்லையா? கல்வேலை என்றால் 68ஆம் அத்தியாயம். 100 வயது தாண்டிய பழம்பொருள் என்றால் 9706. இன்ஜின் இல்லாத வண்டி என்றால் 8716. தன் பெயரில் ரதம் உள்ள தர்மராஜர் உரிய ஆவணங்களுடன் நேரில் ஆஜராகட்டும்.