மாத்திரை, மாயை, மாமிசம்

(‘தி மேட்ரிக்ஸ்’ பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்ட வாசகர்களுக்கு)

கேள்வி: படம் பார்த்ததிலிருந்து எதிரில் இருக்கும் சுவர்கூட நிஜம்தானா என்று சந்தேகம் வருகிறது. டாக்டரைப் பார்க்கலாமா?

பதில்: டாக்டர் நிஜம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? படம் வந்தது 1999இல். வியாதி ரொம்பப் பழசு. வல்லமை மிக்க ஒரு துஷ்ட சக்தி வானம், பூமி, தன் கை கால் அத்தனையையும் பொய்யாகக் காட்டினால் என்ன செய்வது என்று 1641லேயே தத்துவவாதி டேக்கார்ட் எழுதினார். ஏமாறுவதற்காவது ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான் என்று தேறினார். வெளியுலகத்தை மீட்க மட்டும் கடவுளைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. நீங்கள் காரை ரிவர்ஸ் எடுக்கும்போதாவது சுவரை நம்பிவிடுங்கள்.

கேள்வி: படத்துக்குப் பின்னால் பெரிய பிரெஞ்சுத் தத்துவம் இருக்கிறதாமே?

பதில்: பின்னால் என்ன, படத்துக்குள்ளேயே இருக்கிறது. நாயகன் நியோ திருட்டுச் சரக்கை ஒளித்துவைக்கும் புத்தகம் ழான் போத்ரியாருடைய ‘சிமுலாக்ரா அண்ட் சிமுலேஷன்’. தாள்களைக் குடைந்து பொந்தாக்கியிருக்கிறார்கள். படம் தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்றார் போத்ரியார். பொந்தைப் பார்த்திருப்பார்.

கேள்வி: படத்தில் வருவதுபோல் மனிதர்களை பேட்டரியாக வைத்து இயந்திரங்கள் மின்சாரம் எடுக்க முடியுமா?

பதில்: சும்மா இருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடும். அதற்கு, விடுவதைவிடக் குறையாமல் சோறு போட வேண்டும். உலகத்தையே ஜெயித்த இயந்திரங்களுக்கு வரவு செலவு பார்க்கத் தெரியவில்லை.

கேள்வி: இதெல்லாம் நம் சங்கரர் எப்போதோ சொன்னதுதானே?

பதில்: கயிற்றைப் பாம்பென்று மிரளுவதைச் சங்கரர் சொன்னார், சரி. ஆனால் அங்கே நம்மை ஏமாற்றிப் பிழைக்கும் மூன்றாம் நபர் கிடையாது; அறியாமை ஒன்றுதான். விழித்தபின் பிரம்மத்தைத் தவிர இரண்டாவது பொருளும் இல்லை. நியோ விழித்தால் இன்னொரு உலகம், கூழ், கிழிந்த பனியன், சண்டை. தவிர, உலகம் மெய்யே என்று மாயாவாதத்தை மறுத்து வாதாடிய ராமானுஜர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். ‘நம்’ என்று சொல்லுமுன் எந்தக் கட்சி என்று தெளிவுபடுத்துங்கள்.

கேள்வி: நாம் எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறோம் என்று நிரூபித்துவிட்டார்களாமே?

பதில்: இல்லை. தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் 2003இல் சொன்னது இதுதான்: மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்கும். ஓர் உலகத்தையே உள்ளே ஓட்டும் அளவு கம்ப்யூட்டர் செய்யும் நிலைக்கு வருமுன்பே நாகரிகங்கள் அழிந்துவிடும். அல்லது வந்தாலும் முன்னோர்களை வைத்து அப்படி விளையாட அக்கறை காட்டா. அல்லது நாம் அநேகமாக அந்த விளையாட்டுக்குள்தான் இருக்கிறோம். வாட்ஸப்பில் வரும்போது முதல் இரண்டும் வழியில் இறங்கிவிடுகின்றன.

கேள்வி: பொய் என்று தெரிந்தே ஸ்டேக்கை ருசித்துச் சாப்பிடுகிறானே நியோவின் கூட்டாளி சைஃபர், அவன் செய்ததில் என்ன தப்பு? சுகம்தானே முக்கியம்?

பதில்: தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974லேயே இதைக் கேட்டார். விரும்பிய அனுபவத்தையெல்லாம் தரும் இயந்திரத்தில் ஆயுள் முழுக்கப் படுத்துக்கொள்வீர்களா? மாட்டோம் என்பது அவர் பதில். செய்வதுபோல் தோன்றினால் நமக்குப் போதாது, நிஜமாகவே செய்ய வேண்டும் என்றார். சைஃபரே அதற்குச் சாட்சி. தன்னைத் திரும்ப மாய உலகத்துக்குள் அனுப்பும்போது எதுவும் ஞாபகம் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறான். சுகம் ஒன்றே போதுமென்றால் மறதி எதற்கு? தெரிந்த பொய் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தாங்கும், ஆயுளுக்குத் தாங்காது.

இது அவன் சொந்த விவகாரம் என்றே விட்டுவிடலாம். ஆனால் அந்த ஸ்டேக்குக்கு அவன் கொடுத்த விலை, கூட இருந்தவர்களின் உயிர். மாயையோ நிஜமோ, நீங்கள் எந்த மாத்திரையை வேண்டுமானாலும் விழுங்குங்கள். பில்லை மட்டும் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.