படத்தைக் கெடுப்பவர்

புது செல் வாங்கிய கையோடு அதன் படத்தைக் கெடுக்க உட்கார்ந்துவிடுகிறவரை உங்களுக்குத் தெரியும். வயது நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். காதோரம் நரை. செல்லைக் குறுக்காகப் பிடித்திருப்பார். இரண்டு கட்டைவிரலும் திரைமேல் இருக்கும், நாக்கின் நுனி வெளியே இருக்கும். எதிரே நின்று கூப்பிட்டால், நிமிராமலே பதில் வரும்: "இருப்பா, கோடு போட்டுக்கினு இருக்கேன்."

காஞ்சிபுரம் பக்கம் எங்கள் புள்ளலூரிலும் ஒருவர் இருக்கிறார். நான் இங்கே எழுதுவது பொதுவாக அந்த வகையறாவைப் பற்றித்தான், தனிப்பட்ட எவரையும் பற்றி அல்ல. "இது உங்க பெரியப்பா மகன்தானே?" என்று என் மனைவி கேட்பது அவளுடைய சொந்தக் கருத்து.

கோடு விஷயத்துக்கு வருவோம். பழைய பெட்டி மானிட்டரும் பெட்டி டிவியும் படத்தை வரிவரியாக வரையும். கிட்டே போய்ப் பார்த்தால் வரிக்கு வரி மெல்லிய கறுப்பு இடைவெளி தெரியும். அது அந்தக் கண்ணாடிக் குழாயின் குறை. இன்றைய செல்லில் அந்தக் குறை இல்லை. இல்லாமல் போனதுதான் அண்ணனுக்குப் பெருங்குறை. (வகையறாவை இனி அண்ணன் என்றே சொல்கிறேன், வசதிக்காக.)

அவர் ஆடுவது 'டேஞ்சரஸ் டேவ்'. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பையன் தாவித்தாவிப் போய்க் கோப்பையை எடுத்தால் கதவு திறக்கும். பத்து லெவல். ஜான் ரொமேரோ என்ற அமெரிக்கர் 1988-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதி, 1990-இல் டாஸில் ஓடும் கம்ப்யூட்டருக்கு வந்த ஆட்டம். பிறகு அதே ரொமேரோ 'டூம்' ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவராகி உலகப் புகழ் பெற்றார். "டூமுக்கு முன்னாடி ரொமேரோ டேவ்தான் பண்ணாரு" என்று அண்ணன் சொல்லும் தோரணையில், ரொமேரோ வாலாஜாபாத்தில் பெண் எடுத்தவர் என்று வெளியூர்க்காரர்கள் நம்பிவிடுவார்கள்.

அந்த ஆட்டத்தின் படம் அகலத்துக்கு 320 புள்ளி, உயரத்துக்கு 200. மொத்தம் 64,000 புள்ளி. அண்ணன் மாதத் தவணையில் எடுத்திருக்கும் செல்லில் ஏறக்குறைய 26 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவரோ எமுலேட்டரைத் திறந்து, அதில் படத்தின் தோற்றத்தை மாற்றும் 'சேடர்' என்று ஒன்றைத் தேடி, அந்த 26 லட்சத்தின்மேல் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார். எமுலேட்டர் என்பது புதுக் கருவிக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கருவியாக நடிக்கிற மென்பொருள். நடிப்பு அசலாக இல்லை என்பது அண்ணனின் ஓயாத மனக்குறை.

கோடு முடிந்ததும் வளைவு. பழைய மானிட்டரின் கண்ணாடி நடுவில் புடைத்திருக்கும். ஆகவே தட்டையான செல்திரைக்குள் புடைப்பு வர வேண்டும், நான்கு மூலையும் இருண்டு உள்ளே மடங்க வேண்டும். மூலை மடங்கியதும் கசிவு. சிவப்பை ஒட்டிய கறுப்பில் கொஞ்சம் சிவப்பு ஒழுக வேண்டும். ஒழுகும் அளவுக்கு ஒரு பட்டை இருக்கிறது, அதை விரலால் தள்ளித்தள்ளிப் பார்ப்பார். "ஜாஸ்தியாயிடுச்சு." பின்னால் தள்ளுவார். "ம்ஹூம், இப்ப சுத்தமா தெரியுது." சுத்தமாகத் தெரிவது அவர் வாயில் ஒரு வசவு. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் எட்டிப்பார்த்து, "அப்பா, செல்லு உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அண்ணன் முகத்தில் அன்றைக்கு வந்த பூரிப்பை அவள் பத்தாவது பாஸ் பண்ணினபோதுகூட நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் வாய் தவறி, "ஸ்கிரீன் முழுக்க வர மாதிரி பெருசு பண்ணேன்ணா" என்றேன். செல்லைக் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் காலத்தில் 320-க்கு 200 புள்ளியை நான்குக்கு மூன்று கணக்கில் இருந்த மானிட்டரில் நிரப்பிக் காட்டினார்களாம். அதனால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல், அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரமாக நின்றதாம். அதைச் சதுரமாகக் காட்டினாலே டேவ் குள்ளமாகிவிடுவானாம், நான் சொன்னபடி இழுத்தால் தவளையாகிவிடுவானாம். "நம்மள யாராவது இப்படி இழுத்துப்போட்டா ஒத்துக்குவியா?" என்று கேட்டார். இதில் கொடுமை, கணக்கு சரி. நான் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். தவறாகச் சொல்கிறவரிடம் சண்டை போடலாம். சரியாகச் சொல்லி நேரத்தைத் தின்கிறவரை என்ன செய்வது?

அடுத்தது வேகம். சில பழைய ஆட்டங்கள் கம்ப்யூட்டரின் வேகத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டு ஓடியவை. வேகமான மிஷினில் போட்டால் தலைதெறிக்கப் பறக்கும். அதற்காகவே அன்றைய பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது. பெயர்தான் டர்போ, பல வீடுகளில் அது பயன்பட்டது வேகத்தைக் குறைக்க. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் அந்த வேலையை ஓர் எண் செய்கிறது, வழக்கமாக 3000. மில்லி நொடிக்கு 3000 கட்டளை, அதாவது நொடிக்கு 30 லட்சம். அண்ணன் செல்லுக்குள் இருக்கும் சிப் நொடிக்கு 200 கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. அதை அடக்கி, அமுக்கி, முப்பது லட்சத்தில் உட்கார வைக்கிறார். அப்புறமும் திருப்தி இல்லை. 2900 போடுகிறார். 2950 போடுகிறார். "இப்ப நடக்கறான் பாரு, காஞ்சிபுரத்துல நடந்த மாதிரியே."

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கும்போதுதான் கடைசிக் காரியத்தைச் செய்தார். கலரை எடுத்துவிட்டார். ஆட்டத்தில் இருப்பதே கொஞ்சம் கலர், அதையும் எடுத்தார். "சென்டர்ல பிளாக் அண்ட் வொயிட்டுதான்" என்றார்.

சென்டர் என்றால், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காஞ்சிபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் ஒரு பக்கம் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த நாளில், அண்ணன் டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமா படிக்கப் போன இடம். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டி-பேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும், ஏ.சி. அறை. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது, பரீட்சை மட்டும் ஆகும். இன்றைக்கும் அண்ணன் டேவ் ஆடும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் திண்ணையில் ஏறுகிறார். வேறெதற்கும் விடுவதில்லை, சாப்பிடும்போதுகூடப் பெரியம்மா கத்த வேண்டியிருக்கிறது.

இந்த வகையறாவில் உட்பிரிவுகள் உண்டு. அண்ணனைவிடப் பத்து வயது இளையவர்களுக்குக் கோடும் டேவும் தெரியாது. அவர்களுக்கு டிவி கேம். 2006-க்குப் பிறகு அரசாங்கம் வீட்டுக்கு வீடு 14 அங்குலக் கலர் டிவி கொடுத்தது. சந்தையில் வாங்கிய டப்பாவை அதன் பின்னால் சொருகி, '9999 இன் 1' என்று அட்டையில் எழுதிய கேசட்டைப் போட்டார்கள். உள்ளே இருந்தது என்னவோ திரும்பத் திரும்ப மாரியோ, கான்ட்ரா, டேங்க்தான். 1983-இல் ஜப்பானில் நின்டென்டோ கொண்டுவந்த மிஷினின் போலி, கால் நூற்றாண்டு கழித்துப் புள்ளலூருக்கு இலவச டிவியின் முதுகில் ஏறி வந்தது. கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்க மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அமுக்க வேண்டும் என்பதைச் சில பையன்கள் இன்றும் தூக்கத்தில் சொல்வார்கள். அண்ணன் இவர்களை மதிப்பதில்லை. "அது பொம்மை. இது கம்ப்யூட்டர்."

ஆட்டத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமித்துக்கொள்ள எமுலேட்டரில் வசதி இருக்கிறது. அண்ணனின் இன்னொரு ஆட்டமான 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை ஜோர்டான் மெக்னர் 1989-இல் செய்தபோது இளவரசிக்கு அறுபது நிமிடம்தான் கெடு வைத்தார். அண்ணன் கையில் அந்த இளவரசி சில தீபாவளிகளைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் ஒரு சேவ், தாண்டிய பிறகு ஒரு சேவ்.

இந்தச் சேவ் புத்தியோடு அவர் ஊர்ச் சரித்திரத்திலும் கை வைத்திருக்கிறார். புள்ளலூர் என்றால் போர். மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10-இல் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை இங்கே சுற்றி வளைத்தார்கள். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் பறந்தன, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, பெய்லி சிறைபட்டார். 1781 ஆகஸ்ட் 27-இல் கம்பெனித் தளபதி அயர் கூட் வந்து ஹைதரோடு மறுபடி இதே ஊரில் மோதினார். செத்துப்போன வெள்ளைக்கார அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் இன்னும் நிற்கின்றன. போரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். அண்ணன் திண்ணையிலிருந்தபடியே விளக்கினார்: "பெய்லி முன்னாடியே சேவ் பண்ணியிருக்கணும், பண்ணல. அதான் அடுத்த வருசம் அயர் கூட் வந்து அதே எடத்துல லோட் பண்ணி ஆடினான்." அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அவரை முழுசாகக் கேலி செய்ய முடியாமல் போனது ஒரு மழை நாளில். கரண்ட் இல்லை. செல்லில் சார்ஜ் தீரும் நிலை. டேவ் மூன்றாவது லெவலில் செத்துப்போனான். லேசாகச் சொல்லிவைத்தேன்: "அந்தக் காலத்துல எல்லா லெவலையும் முடிச்சிருப்பியேண்ணா." அண்ணன் சிரித்தார். "நான் எங்க ஆடினேன்? ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பேரு. நான் மூணாவது சேரு." மாஸ்டர் டீ குடிக்கப் போகும் நேரத்தில்தான் டேவ் ஓடுமாம். முதல் சேர் பையன் ஆடுவான், அவன் செத்தால் இரண்டாவது சேர். அதற்குள் மாஸ்டர் வந்துவிடுவார். கோர்ஸ் முடிகிறவரை அண்ணன் பக்கவாட்டில் எட்டி உட்கார்ந்து, கறுப்பு வெள்ளையில், மூலை இருட்டில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பீஸ் கட்டியது பெரியம்மாவின் இரண்டு கறவை மாடு.

அப்போதுதான் எனக்குக் கோடு, வளைவு, கசிவு எல்லாம் பிடிபட்டது. நன்றாக ஆட வேண்டும் என்று அவருக்கு ஆசையே இல்லை. அதே மங்கல் படத்தின் முன்னால் தன் முறை வந்துவிட்டது என்று உட்கார வேண்டும், அவ்வளவுதான். படம் பளிச்சென்று இருந்தால் அது வேறு யாருடைய முறையோ ஆகிவிடுகிறது.

சரி, உட்காரட்டும். மூன்றாவது சேரில் அத்தனை நாள் இருந்த மனிதர். அதில் எனக்கு வழக்கு கிடையாது.

வழக்கு மோட்டார் சாவியில் இருக்கிறது. கிணறு பாகத்தில் பொது, மோட்டார் பொது, மோட்டார் கொட்டாய்ச் சாவி மட்டும் மூத்தவர் என்று அண்ணன் இடுப்பில். கழனிக்கு மூணு பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வருகிற நேரத்தில் மடை திறக்காவிட்டால் அடுத்த முறைக்குக் காத்துக்கிடக்க வேண்டும். நவரை நட்டு, பயிர் தண்ணிக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நான் போன் பண்ணுகிறேன். ஆட்டத்துக்கு நடுவே போன் வந்தால் திரை மறைந்து டேவ் நெருப்பில் விழுந்துவிடுகிறான் என்று அண்ணன் செல்லை ஏரோப்ளேன் மோடில் போட்டிருக்கிறார். போன் பேச வாங்கிய பொருளில் போன் மட்டும் வருவதில்லை. ஓடிப்போய் எதிரில் நின்றால், "இரு, சேவ் பண்ணிட்டு வந்துடறேன்." சேவ் பண்ண ஒரு நொடிதான் ஆகும். அதன் பிறகு கோடு கொஞ்சம் தடித்துத் தெரிவது கண்ணில் பட்டுவிடும்.

1780-இல் பெய்லி இங்கே மாட்டிக்கொண்டபோது காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்தவர் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ. பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரம். நேரத்துக்கு வரவில்லை. பிறகு கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். அவர் எதற்காகத் தாமதித்தார் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் அண்ணன் விஷயத்தில் வாதத்துக்கு இடமில்லை. காரணம் 2950.

இதைப் படித்தால் அவர் நிச்சயம் கேட்பார், "இன்னாப்பா, என்னையா எழுதினே?" என்று. இல்லைண்ணா, பொதுவாக எழுதினேன். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கோடு போட்டுக்கொள், கலரை எடு, புள்ளியைக் கையால் எண்ணி வை. சாவிக்கு மட்டும் காஞ்சிபுரத்தில் ஒரு நகல் வெட்டிக் கொடுத்துவிடு. செலவு என்னுடையது.