கூரை மாற்றுப் படலம்: நகர எல்லைக்கு வெளியே ஓர் ஆய்வு

கூரை இருவகைப்படும்: ஒழுகுவது, ஒழுகப்போவது. இரண்டாவதை வருங்கால அறிஞர்களுக்கு விட்டுவிட்டு முதல்வகையை எடுத்துக்கொள்கிறோம். அதிலும், அமெரிக்காவில் மேயரும் நகராட்சியும் இல்லாத நாட்டுப்புறத்தில், கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற அமைப்பின் நேர் நிர்வாகத்தில் உள்ள வீடுகளின் கூரை மட்டுமே நம் எல்லை. அதை மாற்ற அனுமதி வேண்டுமா என்பது வினா.

'நகரமே இல்லை, விதி எங்கிருந்து வரும்?' என்பாரும் உளர். சொந்தமாக ஏணி வைத்திருக்கும் மச்சான்மாரே இக்கொள்கையின் மூலவர்கள். அது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. 1992இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு புளோரிடாவில் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது, கட்டட விதிகள் கடைப்பிடிக்கப்பட்ட லட்சணமும் கூடவே அம்பலமானது. 2002 மார்ச் முதல் மாநிலம் முழுதுக்கும் ஒரே விதித்தொகுப்பு. நகரம் இல்லாத இடத்தில் கவுண்டியின் கட்டட அலுவலகம் அதைச் செயற்படுத்தும். பண்ணை நிலத்தில், யாரும் குடியிராத பண்ணைக் கட்டடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, கூரை விஷயத்தில் பசுவுக்கு உள்ள சுதந்திரம் அதன் உரிமையாளருக்கு இல்லை.

புளோரிடாவில் இன்னொரு நுட்பம். பன்னிரண்டு மாதத்துக்குள் கூரையில் 25 சதவீதத்துக்கு மேல் பழுது பார்த்தால் முழுக்கூரையையும் நடப்பு விதிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. இதிலிருந்து '24 சதவீதவாதிகள்' என்றொரு மரபு கிளைத்திருக்கும் என்பது எம் ஊகம், சான்று கேட்கற்க. 2007ஆம் ஆண்டு விதிப்படியோ அதற்குப் பிந்திய விதிப்படியோ போட்ட கூரைகளுக்கு 2022இல் சட்டம் இதைத் தளர்த்திவிட்டது.

டெக்சஸ் இதற்கு நேர்மாறு. சட்டமன்றம் எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே அங்கே கவுண்டிக்கு உண்டு. பல கவுண்டிகளில் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றக் கட்டட அனுமதி என்ற பேச்சே எழாது. மச்சான் கட்சி துள்ளும், சற்றுப் பொறுக்க. வளைகுடாக் கரையோரத்தில், டெக்சஸ் புயற்காற்றுக் காப்பீட்டுச் சங்கத்தில் பாலிசி எடுக்க வேண்டுமானால் 'டபிள்யூபிஐ-8' என்ற சான்றிதழ் தேவை. புதிதாக மாற்றிய கூரைக்கும் அது தேவை. கவுண்டி கேட்காததைக் காப்பீட்டுக்காரர் கேட்கிறார். அவர் அசந்தால் வீடு வாங்க வருபவர் கேட்பார். கூரையின்மேல் அதற்குக் கீழே வசிக்காதவர்களுக்கே அக்கறை அதிகம் என்பது எம் கண்டுபிடிப்பு.

இனிப் பாட ஆராய்ச்சி. கூரை விளிம்பில் தட்டைக் கடப்பாறையை நுழைத்து நெம்பினால், ஏட்டுச்சுவடி பிரிவதுபோல் அடுக்குகள் தெரியும்: மேலே சாம்பல் நிறத் தார் ஓடு, அடியில் தாத்தா காலத்துப் பச்சை, அதற்கும் அடியில் பலகை. பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தால் மூன்றாவதைப் போர்த்தக் கூடாது, பிரித்துவிட்டே போடு என்கிறது. ஓடு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு ஆணி. மூன்றடுக்கின் பாரத்தைச் சுமப்பது சட்டம் அல்ல, உத்தரம்.

அதே தொகுப்பின் அண்மைப் பதிப்புகளில், 200 சதுர அடிக்கு மிகாத தனித்த ஒற்றைமாடிக் கொட்டகைக்கும், ஏழடிக்கு மிகாத வேலிக்கும், பிள்ளைகளின் ஊஞ்சலுக்கும் அனுமதி வேண்டாம். அனுமதிதான் வேண்டாமே தவிர, விதி வேண்டும் என்பதை மச்சான் வாசிக்கும்போது கண் தாவிவிடும்.

ஆகவே ஏணி சாத்துமுன் கவுண்டியின் கட்டட அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். முகவரியில் ஊர்ப்பெயர் இருப்பதை நம்பாதீர்கள். தபால்காரரின் ஊர் வேறு, நகர எல்லை வேறு. சொத்துவரிச் சீட்டில் நகர வரி என்று ஒன்று காணாவிட்டால், பெரும்பாலும் நீங்கள் கவுண்டியின் பிள்ளை.