பிள்ளை வாயால் நாவல் எழுதுவது எப்படி?

கண்டியைக் களமாக வைத்து, ஒரு சிறுபிள்ளையே கதை சொல்லும் நாவல் எழுத ஆசையா? அனுபவஸ்தன் சொல்கிறேன், கேளுங்கள்.

பிள்ளைக்கு எட்டு வயது என்று போடுங்கள். மூளை மட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கண்டி ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே அது, 'இதை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டத் தொடங்கினான், 1815இல் வெள்ளைக்காரனிடம் பிடிபட்டான்' என்று ஒப்பிக்க வேண்டும். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிவதை அது கவனிக்கவே கூடாது. கவனித்தால் வாசகர் நம்பித் தொலைப்பார்.

அடுத்தது பாதுகாப்பு. பெரிய வீடு, உயர்ந்த மதில், வேலையாட்கள் என்று கொடுத்துவிட்டால் போதும், பிள்ளை பத்திரம். நயோமி முனவீர இங்கேதான் சொதப்பினார். 'வாட் லைஸ் பிட்வீன் அஸ்' (2016) நாவலில் கண்டியில் அழகான வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆபத்தையும் அதற்குள்ளேயே குடிவைத்துவிட்டார். வளர்ந்த பிறகு சிறையறையில் இருந்துகொண்டு அந்த வீட்டுப் பெண் தன் பிள்ளைப்பருவத்தைச் சொல்கிறாள். வாசித்தவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஷியாம் செல்வதுரை மட்டும் என்னவாம்? 'ஃபனி போய்' (1994) நாவலில் சிறுவன் ஆர்ஜி சேலை கட்டி மணப்பெண் விளையாட்டு ஆடுகிறான். 1983 ஜூலைக் கலவரக்காரர்கள் தீ வைக்க வருவதற்கு வெகுமுன்பே, பெரியவர்கள் அந்தச் சேலையைப் பார்த்த பார்வையில் அவனுக்குப் பாதி வீடு போய்விடுகிறது.

ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் கதையை வைப்பது இன்னும் வில்லங்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பெரியவர்கள் ரகசியம் பேச மூலை ஏது? பிள்ளை கம்பளிக்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள் என்றால் அதற்கு விளங்காது. இன்றைக்கு ரொட்டி சின்னதாக இருக்கிறது, அம்மா தனக்குச் சுடவே இல்லை, இவ்வளவுதான் தெரியும். தயவுசெய்து அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெய்லர், தேயிலை வந்த வரலாறு எல்லாவற்றையும் அந்தக் கம்பளிக்குள் திணியுங்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் அது இலக்கியம்.

இந்த விதிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றி நான் எழுதிய நாவல் 412 பக்கம். என் மகளுக்கும் எட்டு வயது. இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினேன். "அப்பா, இந்தப் பிள்ளைக்குப் பயமே வராதா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பிரதி வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம். தபால் செலவு என்னுடையது.