ஆமான்னு போட்டுக்கோ கண்ணு

உக்காரு கண்ணு. அந்தக் கேள்வித்தாளைச் சித்த அக்கட்டால வை, காத்துக்குப் பறந்துரப் போவுது.

கொரோனாக் காலத்துல கிராமத்துச் சனத்துக்கு என்ன தெரிஞ்சுது, மனசுல என்ன நெனச்சாங்க, கடைசில என்ன செஞ்சாங்கன்னு மூணு பாகமாப் பிரிச்சு வெச்சிருக்கே. நல்ல ரோசனைதான். மொதப் பாகத்தை இந்த அப்பாரே முடிச்சுத் தந்தர்றேன், நீ ஒரு ஊட்டுப் படியும் ஏற வேண்டாம். எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னு போட்டுக்கோ. சோப்புப் போட்டுக் கை கழுவோணும்னு தெரியுமா? ஆமா. மூக்கையும் வாயையும் மூடோணும்னு தெரியுமா? ஆமா. கூட்டத்துக்குள்ள போகக்கூடாதுன்னு தெரியுமா? ஆமாங்க, ஆமா.

தெரியாம எங்க போறது? 2020 மார்ச்சு மாசம் போனை எடுத்து யாரைக் கூப்பிட்டாலும் மொதல்ல ஒரு இருமல். பொறகு ஒரு அம்மிணி பாடம் நடத்தி முடிச்சாத்தான் அந்தப் பக்கம் மணியே அடிக்கும். மாடு கன்னு போட முடியாமத் தவிக்குதுன்னு மாட்டு டாக்டரைக் கூப்பிட்டாலும் அதே பாடம்தான். வகுத்துக்குள்ள இருந்த கன்னுக்குட்டிக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.

சரி, ரெண்டாம் பாகம். 'படிப்பறிவு குறைந்தவர்கள் வதந்திகளை எளிதில் நம்பினார்கள், ஒப்புக்கொள்கிறீர்களா?' இதை எழுதுனது யாரு, உங்க வாத்தியாரா? அவருக்கு என்ற கும்பிடு. ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. கோழி தின்னாக் கொரோனா வரும்னு அந்தச் சேதியை மொதல்ல தாட்டி விட்டது ஆரு? நம்ம காட்டுல களையெடுக்கற சனமா? அவுங்க கையில இருந்தது பட்டன் போனு கண்ணு, அதுல படம் வராது. எனக்கு அந்தச் சேதியைக் காட்டுனது உங்கப்பன். கோயமுத்தூர்ல ஏசி ரூமுல உக்காந்து வேலை பாக்கறவன். காத்தால எந்திரிச்சதும் ஒரு சேதி, பொழுதோட ஒரு சேதி. பூண்டு தின்னுங்க, ரசம் குடிங்க, வெந்நியில தொண்டையை அலசுனாக் கிருமி வகுத்துக்குள்ள போய்ச் செத்துப் போயிரும், தமிழ்நாட்டு வெயில்ல அது நிக்கவே நிக்காது. வெயில்ல நிக்காத ஒரே ஆளு எனக்குத் தெரிஞ்சு உங்கப்பன்தான்.

அந்தக் கோழிச் சேதியில பல்லடத்துக்காரங்களும் நாமக்கல்காரங்களும் பட்ட பாடு இருக்குதே, அதை உன்ற தாளுல எந்தக் கட்டத்துல எழுதுவே? வளத்துன கோழிக்குப் போட்ட தீவனக் காசு கூடத் தேறலை. முட்டை கேக்க நாதியில்ல. அதே சமயம் ஆட்டுக்கறி வெலை ஏறி, நம்ம தொண்டுப்பட்டியில நின்ன கெடாய் என்னைப் பாத்த பார்வையே வேற.

வேப்பந்தழை கட்டுனோம், மஞ்சத்தண்ணி தெளிச்சோம், ஆமா. அதைப் படம் புடிச்சுப் போட்டுப் பட்டணம் சிரிச்சுது. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள மார்ச்சு 22ஆந் தேதி வந்துச்சு. சாயங்காலம் 5 மணிக்கு மாடியில நின்னு தட்டத்தையும் கரண்டியையும் எடுத்து அடிச்சாங்க. டாக்டருக்கும் நர்சுக்கும் நன்றி சொல்லத்தான் பிரதமர் அதைச் செய்யச் சொன்னது, அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா, அந்தச் சத்தத்துல கிருமி செத்துரும்னு பின்னாலயே ஒரு விஞ்ஞானம் கெளம்புச்சு பாரு, அதுக்குத்தான் நான் கை தட்டுனேன். ஏப்ரல் 5ஆந் தேதி ராத்திரி 9 மணிக்கு 9 நிமிசம் வெளக்கு வெச்சப்பவும் அப்பிடித்தான், அதுக்குத் தனியா ஒரு விஞ்ஞானம்.

வேப்பந்தழைக்குக் கிருமி சாவாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. ஒத்துக்கறேன். ஆனாக் கேட்டுக்கோ, அந்தக் காலத்துல அம்மை போட்ட ஊட்டு வாசல்ல வேப்பந்தழை சொருகுனா ஒறம்பரை உள்ள வர மாட்டாங்க. அந்த ஊட்டுச் சனமும் கண்ணாலம் காச்சுன்னு வெளிய போவாது. இத்தனை தண்ணி ஊத்துன பொறகுதான் நடமாட்டம்னு கணக்கு இருந்துச்சு. 2020ல அதையேதான் தகரம் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டிச் செஞ்சாங்க. தழையைப் பாத்த சனம் கும்பிட்டுட்டுப் போச்சு, ஸ்டிக்கரைப் பாத்த சனம் போட்டோ எடுத்துட்டுப் போச்சு.

நூறு வருசத்துக்கு முந்தி கோயமுத்தூர்ல பிளேக்கு வந்து சனத்தை வாரிக்கிட்டுப் போனப்ப, பிளேக் மாரியம்மன்னு ஒரு சாமியை வெச்சுக் கும்பிட்டவங்க நாம. கோயில் இப்பவும் இருக்குது, போய்ப் பாரு. 2021 மே மாசம் இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்துல கொரோனா தேவின்னு கருங்கல்லுல செலை வெச்சாங்க. ஊரு ஒலகமெல்லாம் சிரிச்சுது. ஆனா அங்க பூசைக்குப் பொதுசனம் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களே, அதை ஆராவது பேசுனாங்களா? சாமியே தனியா இருந்துச்சு கண்ணு. சனம்தான் தனியா இருக்க முடியாமத் தவிச்சுது.

கபசுரக் குடிநீர் குடுக்கறாங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு வரிசையில நின்னாங்க. பொது எடத்துல குழாய் வெச்சு ஆவி புடிச்சாங்க. மாஸ்க்கைக் கழட்டி, வாயைத் தொறந்து, இருமி இருமி. அமைச்சரே வேண்டாஞ் சாமின்னு சொல்ற அளவுக்குப் போச்சு.

மாஸ்க்குன்னதும் ஞாபகம் வருது. போடலைன்னா 200 ரூவா தண்டம், 2022ல 500 ஆக்குனாங்க. கிருமி எங்க நிக்குதுன்னு ஆருக்கும் தெரியாது, போலீசு எந்த முக்குல நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். முக்குத் தாண்டுனதும் மாஸ்க்கு மோவாக்கட்டைக்கு எறங்கிரும். மதுரையில ஒரு கடைக்காரர் மாஸ்க்கு மாதிரியே பரோட்டா போட்டு வித்தார். வாயை மூடச் சொல்லிக் குடுத்ததையும் வாய்க்குள்ள போட்ட சனம் நம்ம சனம்.

ஆறடி தள்ளி நிக்கற பாடத்தை மட்டும் சும்மா சொல்லக்கூடாது, அரசாங்கமே நடத்துச்சு. 2020 மே 7ஆந் தேதி டாஸ்மாக்கைத் தொறந்தாங்க. மறுநாளே ஐகோர்ட்டு மூடச் சொல்லுச்சு. அடுத்த வாரம் சுப்ரீம் கோர்ட்டு அதுக்குத் தடை போட்டுச்சு, 16ஆந் தேதி மறுக்காத் தொறந்தாச்சு. கலர் கலரா டோக்கன், தரையில வட்டம், பந்தல், போலீசு. கோயிலு பூட்டியிருக்குது, பள்ளிக்கூடம் பூட்டியிருக்குது, இந்த வாசல் மட்டும் தொறந்திருக்குதுன்னா சனம் என்ன பாடம் படிக்கும்? நோய் அவ்வளவு பெருசு இல்ல போலிருக்குதுன்னுதான் படிக்கும். அதைப் போய் அறியாமைன்னு எழுதிராதே.

சிரிச்சது போதும், ஒண்ணு சொல்றேன். 2020 ஏப்ரல்ல சென்னையில ஒரு மூளை நரம்பு டாக்டரு கொரோனாவுல செத்துப் போனார். பொணத்தைப் பொதைக்கப் போன வண்டியைக் கல்லாலயும் கட்டையாலயும் அடிச்சுத் தொரத்துனாங்க. கூட இருந்த இன்னொரு டாக்டரே ராத்திரியில மம்பட்டி புடிச்சு மண்ணைத் தள்ள வேண்டியதாப் போச்சு. டாக்டருங்களுக்குன்னு ஊரெல்லாம் கை தட்டி ஒரு மாசம் கூட ஆகலை. பொதைச்ச பொணத்துலிருந்து நோய் பரவாதுன்னு சொல்லாமலா இருந்தாங்க? சொன்னாங்க. கல்லெடுத்தவன் கையில உன்ற தாளைக் குடுத்திருந்தா மொதப் பாகத்துல நூத்துக்குத் தொண்ணூறு வாங்கியிருப்பான்.

மூணாம் பாகத்துக்கு வருவோம். செஞ்சாங்களா? இருவது நொடி கை கழுவச் சொன்னாங்க. நம்மூருக்குக் குழாய்த் தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வந்தா அதிசயம். வர்ற தண்ணியில சோறாக்கறதா, மாட்டுக்கு ஊத்தறதா, நொடி எண்ணறதா? ஊட்டுக்குள்ளயே இருங்கன்னாங்க. மார்ச்சு 24ஆந் தேதி ராத்திரி 8 மணிக்குச் சொல்லி 12 மணிக்குப் பூட்டு, 21 நாளைக்கு. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வந்த வடக்கத்திப் பசங்க பத்துப் பேரு ஒரே ரூமுல. அதுக்குள்ள ஆறடி தள்ளிப் படுக்கோணும்னா ஏழு பேரு சுவத்துல தொங்கோணும். அந்தப் பசங்களுக்கும் பரவற விதம் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது, தனி ரூமுக்கு வாடகை ஆரு கட்டறது?

ஊசி சமாச்சாரம் அதைவிட. என்னாட்ட அறுவது தாண்டுனவங்களுக்கு 2021 மார்ச்சுல போட ஆரம்பிச்சாங்க. ஊருல பாதிச் சனம் போச்சு, பாதி காட்டுக்குள்ள ஒளிஞ்சுது. ஏப்ரல் 15ஆந் தேதி நடிகர் விவேக், பாவம், நல்ல மனுசன், எல்லாரும் போடுங்கன்னு சொல்லித் தானும் போட்டுக்கிட்டார். 17ஆந் தேதி மாரடைப்புல போயிட்டார். ஊசியால இல்லீன்னு டாக்டருங்க அப்பவே சொன்னாங்க. விசாரிச்ச குழுவும் அதையேதான் சொல்லுச்சு, ஆனா அந்த அறிக்கை வந்து சேர அக்டோபர் ஆச்சு. வதந்தி 17ஆந் தேதி மத்தியானமே நம்ம டீக்கடையில உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருந்துச்சு.

ஒளிஞ்ச சனத்தைக் கேட்டா ஊசி போட்டாச் செத்துருவோம்னுதான் சொல்லும். வெளிய சொல்றது அது. உள்ள வேற கணக்கு. ஊசி போட்டா ரெண்டு நாள் காச்சல், ரெண்டு நாள் காச்சல்னா ரெண்டு நாள் கூலி போச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு விவேக்கைச் சொல்லுச்சு. கோவளத்துல ஊசி போட்டவங்களுக்குப் பிரியாணி போட்டாங்க, குலுக்கல்ல பரிசு வெச்சாங்க, கூட்டம் வந்துச்சு. செப்டம்பர் 12, ஞாயித்துக்கெழமை, மாநிலம் பூராவும் முகாம் போட்டாங்க, ஒரே நாளுல 28 லட்சத்துக்கு மேல ஊசி. சனிக்கெழமை ராத்திரி படுத்துத் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள சனத்துக்கு அறிவு வளந்துருச்சா? லீவு நாளு கண்ணு. முகாம் ஊட்டுப் பக்கத்துலயே வந்துருச்சு.

நம்ம நர்சம்மா இருக்கறாங்களே, உனக்குச் சின்னதுல போலியோ சொட்டு ஊத்துனவங்க. அவுங்க முகாமுக்கெல்லாம் காத்திருக்கலை. பொழுதெறங்குன பொறகு, சனம் காட்டுல இருந்து திரும்பற நேரமாப் பாத்து ஊட்டுக்கு ஊடு வந்தாங்க. திண்ணையில உக்காந்து, ஆடு குட்டி போட்டுதா, மருமவ முழுவாம இருக்கறாளான்னு ஊர்ப் பழமை பேசி, நடுவால சேலையைச் சித்த ஒதுக்கு ஆத்தான்னு சொல்லிக் குத்திட்டுப் போனாங்க. ஊசியைப் பத்தி அந்தம்மா என்ன வெவரம் சொன்னாங்கன்னு இன்னிக்குக் கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. ராத்திரி காச்சலடிச்சப்பப் போன் போட்டுக் கேட்டாங்களே, அதைச் சொல்லும். உன்ற தாளுல 'தடுப்பூசி பற்றிய அறிவு'ன்னு பத்துக் கேள்வி இருக்குது, 'ஆரு சொன்னா நம்புவீங்க'ன்னு ஒண்ணு கூட இல்லையே சாமி.

சரி, எழுதற கையைத் தடுக்கலை. இன்னிக்கு இந்நேரத்துக்கு ஒருத்தரும் ஊட்டுல இருக்க மாட்டாங்க, ஞாயித்துக்கெழமை வா. வந்ததும் தாளை நீட்டாதே. தெரியுமான்னு கேட்டா ஆமாம்பாங்க, நம்புனீங்களான்னு கேட்டா இல்லைம்பாங்க, ரெண்டும் உனக்கோசரம் சொல்றது. அந்த வருசம் எத்தனை நாள் கூலி போச்சு, ஆருகிட்டக் கடன் வாங்குனீங்க, காச்சல் வந்தப்ப ஆரு வந்து எட்டிப் பாத்தாங்கன்னு கேளு. நோட்டுப் பெருசா எடுத்துக்கோ, நாலு பக்கத்துல முடியாது. பின்னால உங்க வாத்தியாருக்கு எதைக் காட்டறது எதை மறைக்கறதுங்கறது உன்ற சாமர்த்தியம்.

அப்பறம், மேக்கால கடைசி ஊட்டுக்குப் போறப்ப மட்டும் கையில ஒரு குச்சி வெச்சுக்கோ. அந்த ஊட்டு நாய் ஒண்ணுதான் ஆறடி இடைவெளின்னா என்னன்னே தெரியாத சீவன் இந்த ஊருல.