பாக்கெட்டும் பாட்டிலும்: பாலசமுத்திரத்துத் தலைக்குளியலை முன்வைத்து ஒரு குடும்பவியல் ஆய்வு

பாக்கெட் என்பது ஒரு தலைக்கு ஒரு வேளைக்கு ஆகும் ஷாம்புவை உள்ளே விட்டு, நாலு பக்கமும் ஒட்டி, பிய்ப்பதற்கென்று ஓரத்தில் சின்ன வெட்டும் போட்டு விற்கப்படும் பை. அந்த வெட்டைப் பார்த்துப் பிய்த்தவர்கள் அரியர். பாட்டில் என்பது மூடி போட்ட கலம். அதில் எத்தனை மில்லி இருக்கிறது என்று அச்சிட்டிருக்கும். அது எத்தனை பேருக்கு, எத்தனை வாரத்துக்கு வரும் என்று அச்சிட்டிருக்காது. பாட்டில் புகுந்த வீடுகளில் எழும் சச்சரவுகள் யாவும் இந்த விடுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பழனிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூர் பாலசமுத்திரம். இத்தகைய ஊர்களின் மளிகைக் கடைகளில் பாக்கெட் சரம் சரமாக முகப்பிலேயே தொங்கும். வாங்க வருபவர் தலையில் இடிக்காமல் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பாட்டில் பின் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். கேட்டால் கடைக்காரர் முதலில் ஒரு துணியைத் தேடுவார். தோரணத்துக்கும் பரணுக்கும் உள்ள இந்தத் தூரமே விற்பனை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது. இந்தியாவில் விற்பனையாகும் ஷாம்புவில் பாதிக்கு மேல் பாக்கெட்டில்தான் போகிறது.

அளவையியல் நோக்கில் பாக்கெட்டின் இடத்தை நிர்ணயிப்பது எளிது. பழந்தமிழ் முகத்தலளவையில் 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. (செவிடு என்ற பெயருக்கும், கடனுக்குச் சரக்கு கேட்கும்போது கடைக்காரருக்கு வரும் காது மந்தத்துக்கும் தொடர்பில்லை.) படியை 1.344 லிட்டர் என்று கொண்டால் செவிடு 33.6 மில்லி. ஒரு ரூபாய் பாக்கெட்டில் ஆறு மில்லி என்று வைத்துக்கொண்டால், அது செவிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நெற்கணக்கில் அறுபத்து நாலு மணி. முன்னோர்கள் இந்த அளவுக்குத் தனிப்பெயர் வைக்காமல் போனது அவர்களுடைய குறையன்று. அவர்கள் அரப்பைக் கைப்பிடியால் அளந்தார்கள்.

பாக்கெட்டின் முன்னோடி பொட்டலம். பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, மஞ்சள்தூளோ சீரகமோ கொட்டி, மடித்து, நூலைச் சுற்றி அறுத்துத் தந்ததே தமிழ்நாட்டின் முதல் ஒருவேளைப் பொதி. அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் சரக்கும் அன்றாடமே வந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் இப்படிச் சில்லறையாக வாங்கும் வழக்கத்துக்கு ‘டிங்கி’ என்று பெயரே உண்டு. ஆனால் பொட்டலத்துக்கு ஒரு குறை இருந்தது: அதில் நீர்ப்பொருளைக் கட்ட முடியாது. தாளில் ஷாம்பு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் வெறும் தாளோடுதான் போய்ச் சேருவார்.

இந்தக் குறையைத் தீர்த்த ஊர் கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர், டப்பாவில் மட்டும் விற்ற முகப்பவுடரையும் பெரிய பொதியாக விற்ற பேதி உப்பையும் சின்னச் சின்னப் பொதிகளாக்கி விற்றார். ரிக்‌ஷா இழுப்பவரும் கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடியதாகப் பொருள் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நீர்ப்பொருளையும் அப்படிப் பையில் அடைக்கலாம் என்று கண்டார். அவர் மறைந்தபின் மகன்கள் ‘வெல்வெட்’ என்ற பெயரில் ஷாம்பு பாக்கெட்டைப் பரப்பினார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அந்தப் பெயர் தந்தையின் பெயரிலிருந்து எடுத்தது. நிறுவனம் பின்னாளில் ‘கெவின்கேர்’ ஆயிற்று. கிராமம் கிராமமாகப் போய், நடுத்தெருவில் ஒரு பையனை உட்காரவைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, கூடியிருந்தவர்களை அந்த முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பையன்களின் கருத்து எங்கும் பதிவாகவில்லை.

பாக்கெட் தமிழ்நாட்டில் வேரூன்றிய வரலாறே ஒரு குடும்பம் பாகம் பிரிந்த வரலாறாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

இனி எதிர்த்தரப்பு. பாட்டில் கட்சியார் சொல்வது இது: எந்தப் பொருளும் மொத்தமாக வாங்கினால் மலிவு, சில்லறையாக வாங்குபவர் ஏமாளி. வெங்காயத்துக்கும் அரிசிக்கும் இது பொருந்தும். ஷாம்புவுக்குக் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. ஆறு மில்லி ஒரு ரூபாய் என்றால் 340 மில்லிக்கு ஐம்பத்தேழு பாக்கெட், ஐம்பத்தேழு ரூபாய். அதே பெயரும் அதே அளவும் உள்ள பாட்டிலுக்கு ஐம்பத்தேழு ரூபாயை நீட்டினால் கடைக்காரர் சிரித்துவிட்டு மீதியைக் கேட்பார். உலகின் பல நாடுகளில் சிறுபொதிக்காரர் கூடுதல் விலை கொடுக்கிறார். இங்கே பாட்டில்காரர் கொடுக்கிறார். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத், ஏழைகளைச் சந்தையாகப் பார்க்கச் சொல்லி 2004-ல் எழுதிய நூலில் இந்தப் பாக்கெட்டும் ஓர் எடுத்துக்காட்டு. பாலசமுத்திரத்து இல்லத்தரசிகளுக்கு அந்த நூல் தேவைப்படவில்லை. சரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாலே கணக்கு முடிந்துவிடுகிறது.

பாக்கெட்டின் விலையை முடிவு செய்வது ஆலையன்று, நாணயச்சாலை. 1999-ல் ‘சிக்’ பாக்கெட் ஐம்பது காசுக்கு வந்தபோது ஐம்பது காசு நாணயம் கடைகளில் செல்வாக்கோடு இருந்தது. 2011 ஜூன் 30 முதல் கால் ரூபாயும் அதற்குக் கீழானவையும் செல்லாதவை ஆயின. ஐம்பது காசு இன்றும் சட்டப்படி செல்லும், பெட்டிக்கடைப்படி செல்லாது. எனவே பாக்கெட்டின் கடைசிப் படி ஒரு ரூபாயில் நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு ரூபாய் பாக்கெட்டில் இதனால் மிச்சமாக வேண்டியது பதினொரு காசு. எந்தக் கல்லாவிலும் எண்ணிக் கொடுக்க முடியாத தொகை. விலையைக் குறைக்க முடியாவிட்டால் அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. அப்படிக் கூட்டினால் ஆறு மில்லி 6.74 மில்லியாகும், அதாவது ஏறத்தாழச் சரியாகச் செவிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஜிஎஸ்டி மன்றம் பழந்தமிழ் அளவையை மீட்கும் நோக்கத்தோடு இதைச் செய்தது என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

ஆனால் காசுக்கணக்கு இந்தப் பொருளின் மேல்தோல் மட்டுமே. பாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்து. பாக்கெட் பாகம் பிரிந்த சொத்து. இதுவே இங்கு நிறுவப்படும் முடிபு.

பாட்டில் வாங்கிய வீட்டில் நடப்பதைப் படிப்படியாகக் காணலாம். முதல் வாரம் அனைவரும் தாராளமாக ஊற்றுகிறார்கள்; பாட்டில் நிறைந்திருக்கும்போது அது தீரும் என்ற எண்ணம் யாருக்கும் எழுவதில்லை. இரண்டாம் வாரம் ஊரிலிருந்து சின்ன மாமா வருகிறார். அவருக்கு முடி குறைவு, ஊற்றுவது அதிகம். மூன்றாம் வாரம் கல்லூரிக்குப் போகும் பெண், பாட்டில் லேசாக இருப்பதை முதலில் கண்டுபிடிக்கிறாள். வெளியே சொல்லாமல் தன் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறாள். நான்காம் வாரம் பாட்டில் மறுபடி பாதி நிறைகிறது. அது தண்ணீர். யார் ஊற்றியது என்பதும், கடைசியாகத் தீர்த்தது யார் என்பதும் எந்த வீட்டிலும் நிரூபிக்கப்பட்டதில்லை. பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திவைக்கும் ஐந்தாம் வாரம் வீட்டுத் தலைவிக்கு மட்டும் உரியது.

பாக்கெட்டில் இந்தக் குழப்பம் இல்லை. எண்ணி வாங்கி எண்ணித் தரலாம். நீளமுடிக்கு ரெண்டு, கிராப்புக்கு ஒன்று, அப்பாவுக்குப் பாதி. மாமா வந்தால் மாமாவுக்கு ஒன்று என்று கடைக்கு ஆளனுப்பலாம். விருந்தோம்பலும் குறையாது, கையிருப்பும் குறையாது. தீர்ந்துபோவது என்ற துயர நிகழ்ச்சி பாக்கெட் வீட்டில் இல்லவே இல்லை.

ஒரே சிக்கல் அப்பாவுடைய மீதிப் பாதி. இதைப் பாதுகாக்கும் முறைகள் மூன்று: வாயை இருமடிப்பாக மடித்துச் சோப்பு டப்பாவுக்கு அடியில் வைப்பது, துணிக் கவ்வி போட்டுக் கொடியில் தொங்கவிடுவது, குளியலறைச் சுவரின் கல் இடுக்கில் செருகுவது. மூன்றிலும் மறுநாள் காலையில் அது காலியாகவே காணப்படும். மகன் கைவரிசை என்பார் சிலர், எறும்பு என்பார் சிலர். எறும்பு ஷாம்பு போடுவதில்லை.

பிரிக்கும் முறைக்கு வருவோம். ஈரக்கையால் அந்த வெட்டைப் பிடிக்க முடியாது. தலை நனைந்து கண் மூடிய நிலையில் அது எந்த ஓரத்தில் இருக்கிறது என்றும் தெரியாது. எனவே பல்லே கருவி. கடித்த மூலைத்துண்டு நாக்கின் நுனியில் ஒட்டும், ‘தூ’ என்ற ஒலியோடு வெளியேறும், கசப்பு சோறு சாப்பிடும்வரை தங்கும். பல் இல்லாத மூத்தோர் குளிக்கப் போகும் முன்பே பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் பிய்த்து வாங்கிச் செல்கிறார்கள். பேரன் கமிஷன் கேட்பதும் உண்டு.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். வயற்காட்டு மோட்டார் தொட்டியிலும் வாய்க்காலிலும் ஆற்றிலும் குளிக்கிற ஊரில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவரை ஊரே வேடிக்கை பார்க்கும். பாக்கெட் சட்டைப்பையிலும் வேட்டி மடிப்பிலும் அடங்கும். குளித்து முடித்தபின் எங்கும் அடங்காது என்பதே அதன் மீதான உண்மையான குற்றச்சாட்டு. வெவ்வேறு படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த பொருளாதலால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். காலி பாட்டிலுக்குப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் எடைபோட்டுக் காசு தருவார். காலி பாக்கெட்டை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அதற்கும் மதிப்பு இருந்தது. ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு ‘சிக்’ இலவசம் என்று திட்டம் போட்டபோது சிறுவர்கள் குப்பையைக் கிளறித் தெருவைச் சுத்தமாக்கினார்கள். விற்பனை ஏறியது, திட்டம் போயிற்று, பாக்கெட் தெருவிலேயே தங்கிவிட்டது. பாலசமுத்திரத்துப் பக்கம் ஆற்றில் விட்ட பாக்கெட் சண்முகநதி வழியாக அமராவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போக வழியுண்டு. மதகிலும் மடையிலும் சிக்காமல் கடலைத் தொட்டுவிட்டால், கடலூருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் தாய்வீட்டுக் கடலிலேயே சேரும்.

இலங்கை 2021 மார்ச் 31 முதல் இருபது மில்லிக்கு உட்பட்ட பாக்கெட்டுகளைத் தடைசெய்தது. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. தமிழ்நாடு 2019 ஜனவரி 1-ல் கொண்டுவந்த தடையில் தண்ணீர் பாக்கெட் இருந்தது, ஷாம்பு பாக்கெட் இல்லை.

அரப்புக் கட்சியார் என்று மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. உசிலை இலையைக் காயவைத்து இடித்த தூள், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இணையற்றது என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதமே. ஆனால் அவர்களுடைய அரப்புத்தூளும் சீயக்காய்த்தூளும் இப்போது பாக்கெட்டில்தான் வருகின்றன. ஆகவே அவர்கள் தரப்பு பாக்கெட் கட்சியில் சேர்த்து எண்ணப்படுகிறது.

மேற்கண்ட விதிகள் யாவற்றுக்கும் ஒரே விலக்கு, பழனியில் முடி காணிக்கை செலுத்திவிட்டு வருபவர்கள். அவர்கள் தலைக்குச் சந்தனம் போதும். முடி திரும்ப முளைத்து வரும்வரை பாக்கெட்டும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம்.