கேமரா முதலாளி

புறவழிச்சாலையோரம் புதிதாக ஒரு டீக்கடை. பெயர்ப்பலகை அரை கிலோமீட்டர் தூரத்திலேயே தெரிகிறது; முதலாளி மட்டும் கடைக்குள்ளேயே போய்த் தேடினாலும் தென்படுவதில்லை. திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டி, போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றியவர்தான். அதற்கப்புறம் கடையில் அவர் சார்பாக நான்கு கேமராக்கள் இருக்கின்றன.

கேமரா முதலாளி பெரும்பாலும் ஐ.டி. கம்பெனியில் இருப்பார், இல்லையென்றால் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவராக இருப்பார். ஃப்ரான்சைஸ் எடுக்கும்போது கம்பெனிக்காரரிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நான் தினமும் கடைக்கு வர வேண்டியதில்லையே?" கம்பெனிக்காரர் சிரித்தார். அதை 'ஆமாம்' என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் இவர் படித்தவை இரண்டு இடங்கள்: ராயல்டி எத்தனை சதவீதம், எத்தனை கிலோமீட்டருக்குள் அதே பெயரில் இன்னொரு கடை வராது. டீத்தூள், போர்டு, பக்குவம் எல்லாம் கம்பெனி தரும். ஆள் பிடிப்பது, சம்பளம் போடுவது, பாலை எண்ணி வாங்குவது, ராத்திரி கல்லாக் கணக்கு நேர் செய்வது எல்லாம் கடை எடுத்தவர் தலையில் என்பதும் அதில்தான் இருந்தது, பொடி எழுத்தில். உணவுப் பாதுகாப்பு உரிமமும் இவர் பெயரில். அதிகாரி வந்தால் பிராண்டைக் கூப்பிட மாட்டார், இவரைத்தான் கூப்பிடுவார்.

இவர் மேற்பார்வையே பார்ப்பதில்லை என்று சொன்னால் பாவம். ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு பார்த்தபடியேதான் இருக்கிறார்.

"மாஸ்டர், ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

"கூட்டம் இல்ல சார்."

"கூட்டம் இல்லைன்னா டேபிளைத் துடைக்கலாம்ல?"

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது மாஸ்டருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. டேபிள்தான் பளபளக்கிறது.

கேமராவுக்கும் ஒரு எல்லை உண்டு. அதில் பால் தெரியும், பாலில் உள்ள தண்ணீர் தெரியாது. விடியுமுன் இருட்டில் பால் கிரேட் இறங்கும்போது படம் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டும் 3 சதவீத நீலப் பாக்கெட்டும் அந்த நேரத்தில் ஒரே சாம்பல் நிறம். டீ ஏன் தண்ணியாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்பதும் இவர் காதில் விழாது. கேமரா வாங்கும்போது ஒலி வசதிக்குத் தனி விலை சொன்னார்கள்.

இந்த இனம் இங்கே மட்டும் பிறந்ததல்ல. அமெரிக்காவில் 1955-இல் மெக்டொனால்ட்ஸ் உரிமங்களை விற்கத் தொடங்கிய ரே கிராக், முதலில் தன் கோல்ஃப் கிளப் நண்பர்களுக்குத்தான் நிறையக் கொடுத்தார். பணத்துக்குக் குறைவில்லாதவர்கள், கடையில் நிற்கத்தான் ஆள் இல்லை. பலர் அவருக்குத் தலைவலியானார்கள். அதே ஆண்டு வாக்கீகன் நகரில் ஓர் அச்சகத் தொழிலாளியும் அவர் மனைவியும் சேமிப்பைப் போட்டுக் கடை எடுத்தார்கள். கணவன், மனைவி இருவருமே கடையில் நின்றார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கிராக் பிறகு அப்படிப்பட்டவர்களைத்தான் தேடினார். கடை எடுப்பவர் அன்றாட நிர்வாகத்தில் முழுநேரமும் இருக்க வேண்டும் என்பது இன்றும் அந்தக் கம்பெனி கேட்பதுதான்.

நம்மவர் முழுநேரமும் இருக்கிறார், ஆன்லைனில்.

ஒருநாள் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கடையிலோ பார்சல் டீ பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. "கம்பெனி காகித கப் தானே கொடுக்குது?" என்று போனில் கொதித்தார். "அது போன வாரமே தீர்ந்துபோச்சு சார். மெசேஜ் போட்டேன், நீங்க தம்ஸ் அப் போட்டீங்க" என்றார் மாஸ்டர். அபராத ரசீது முதலாளி பெயரிலேயே எழுதப்பட்டது.

அடுத்த மாதம் மாஸ்டர் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார். ஊருக்குப் போகிறார் என்றுதான் முதலாளி நினைத்தார். மாஸ்டர் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம்தான் போனார். போர்டுகூட இல்லாத ஒரு கடை. விடியற்காலையிலேயே பாய்லர் பக்கத்தில் அவரே நின்றார். பழைய வாடிக்கையாளர்கள் அவர் பின்னாலேயே ரோட்டைக் கடந்தார்கள்.

கேமரா முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லைப் பாதுகாப்பு விதியைப் பக்க எண்ணோடு எடுத்துச் சொன்னார். அது நம்ம பெயரில் திறக்கிற கடைக்கு மட்டும்தான், மாஸ்டருக்குப் பொருந்தாது என்று பொறுமையாகப் பதில் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேமரா பொருத்தியவரைக் கூப்பிட்டார்:

"வாசல் கேமராவை அப்படியே எதிர்க்கடைப் பக்கம் திருப்ப முடியுமா? ஒரு நாளைக்கு எத்தனை டீ போறதுன்னு எண்ணணும்."